நிலநடுக்கம் ஆய்ந்த ஓல்டாம்

காவிரி கடலொடு கலக்கும் கழிமுக நாட்டின் கீழ்க்கோடியில் அமைந்திருப்பது காரைக்கால். அம்மையார் பிறந்த பெருமையுடைய அவ்வூரைச் சூழ, அரசலாறும் நூலாறும் வாஞ்சியாறும் திருமலைராயனாறும் கொணர்ந்த வண்டல் பரந்து கிடக்கின்றது. குன்று என்று சுட்டிக்காட்ட அங்கு ஒன்றும் இல்லை. எப்பக்கம் நோக்கினும் வயலும் தென்னஞ்சோலையும் மணல்மேடுமே கண்ணுக்குப் புலனாகும். கிணறு தோண்டுவோர்க்கும் மணலும் களியும் மாறி மாறி வருமேயன்றிப் பாறை தென்படுவதில்லை. இத்தகைய மெல்லிய நிலத்தில் வாழ்வோர் வெள்ளத்திற்கு அஞ்சுவர், புயலுக்கு அஞ்சுவர், 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாளுக்குப் பின்னர்க் கடலுக்கும் அஞ்சுவர். அன்று எழுந்த ஆழிப்பேரலை காரைக்கால் கரையில் மட்டும் நானூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொள்ளை கொண்டது. ஆனால் தம் காலின் கீழுள்ள நிலத்தை அஞ்சுவார் அங்கு இலர்.

அவ்வலையை எழுப்பிய நிலநடுக்கம் தோன்றிய இடம் சுமத்திராத் தீவின் அருகிலுள்ள கடலடி. புவியின் மேலோடு ஒரே ஓடன்று. பல பெருந்தட்டுகளாகப் பிரிந்து மிக மெல்ல நகர்ந்து கொண்டிருப்பது. இரு தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கும் எல்லையிலேயே பெரும்பாலான நிலநடுக்கங்கள் தோன்றுகின்றன. அத்தகைய எல்லை எதுவும் காரைக்காலுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குள் இல்லை. ஆயினும் 2001ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 25ஆம் நாள் இரவு, புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் ஒரு நிலநடுக்கம் தோன்றிற்று. அதன் அளவு ஏறத்தாழ 5.5. சென்னை முதலாகக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் வீடுகள் அதிர, மக்கள் தெருவிற்கு ஓடி வந்தனர். தட்டின் எல்லைக்கு இத்துணைத் தொலைவில், உள்ளிருந்தபடியே நிலம் அசைவது எதனால்?

இவ்வினாவிற்கு விடை காணும் பணியில் நம் நாட்டுக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையாக எண்ணத்தக்கவர் ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம். விடையை முழுமையாகக் காணும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. எனினும், அவர் சேர்த்து வைத்த செய்திகள் இல்லையேல் பின் வந்தோர் எதனைக் கொண்டு விடை கண்டிருப்பர் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

ஓல்டாம் 1858ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31ஆம் நாள் அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் பிறந்தார். தந்தையார் தாமஸ் ஓல்டாம் நிலவியலில் பெரும்புலமை மிக்கவர். அவர் 1851ஆம் ஆண்டு கல்கத்தாவிற்கு வந்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் தலைவராகி, இருபத்தைந்து ஆண்டுகள் அதனை வளர்த்தவர். அவர் காலத்தில் அத்துறையைச் சார்ந்த ஹென்றி பிளான்போர்டு என்பார் திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காட்டு மாவட்டங்களில் நடந்து நடந்து பாறைகளை வரைபடமாக்கினார். அரியலூர்ப் பக்கத்தில் இன்று நெல்லும் சோளமும் விளையும் நிலத்தில், ஒரு காலத்தில் கடல் நின்றது என்பதைக் கல்லாய்ப் போன சங்குகளும் சிப்பிகளும் காட்டின. பிளான்போர்டு தாம் கண்டவற்றை 1862ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். கடல் ஏன் அங்கு வந்தது, ஏன் சென்றது என்பன அக்காலத்தார்க்கு விளங்காதனவாகவே இருந்தன. அரியலூரின் கற்சங்கிற்கும் காரைக்காலின் வண்டலுக்கும் தொடர்பு ஒன்று உண்டு. அது பின்னர்க் கூறப்படும்.

ரிச்சர்டு, ரக்பிப் பள்ளியில் பயின்று, பின்னர் இலண்டனிலிருந்த அரசச் சுரங்கக் கல்லூரியில் கல்வியை முடித்தார். தந்தையார் 1876இல் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பி, 1878ஆம் ஆண்டு சூலையில் காலமானார். அப்போது மைந்தர்க்கு இருபது வயது நிறைய இரு கிழமைகளே இருந்தன. மறு ஆண்டே அவர் தந்தையார் பணியாற்றிய அத்துறையிலேயே சேர்ந்து இந்தியாவிற்குப் புறப்பட்டார்.

தாமஸ் ஓல்டாம் முற்றுப்பெறாத சில கையெழுத்துப்படிகளை விட்டுச் சென்றிருந்தார். அவற்றுள் ஒன்று 1869ஆம் ஆண்டு கச்சார் நாட்டை உலுக்கிய நிலநடுக்கத்தைப் பற்றியது. மற்றொன்று இந்தியாவின் வெந்நீரூற்றுகளைப் பற்றியது. மூன்றாவது, மிகப் பழங்காலந்தொட்டு 1869ஆம் ஆண்டின் முடிவு வரை இந்தியாவில் நேர்ந்த நிலநடுக்கங்களின் பட்டியல். பெற்றோர் விட்டுச் சென்ற வீட்டையும் நிலத்தையும் விருப்போடு ஏற்கும் மைந்தர் பலர். விட்டுச் சென்ற உழைப்பை ஏற்போர் சிலரே. இளைஞராகிய ரிச்சர்டு அம்மூன்றனையும் செப்பஞ்செய்து 1882, 1883ஆம் ஆண்டுகளில் அச்சேற்றினார். அப்பட்டியல் தோற்றத்தில் வறண்ட நூல். நாள், ஊர், அதிர்ச்சியின் தன்மை, செய்தி கிடைத்த இடம் என்று வரிவரியாகச் செல்வது. ஆயின் மனிதரின் நினைவு ஒரு தலைமுறையைத் தாண்டுவதில்லை. நிலமோ நூறாண்டு, இருநூறாண்டு, சில இடங்களில் ஆயிரமாண்டு உறங்கி எழுவது. ஓரிடத்தில் நிலம் அசையக்கூடியதா என்பதை அறியப் பழைய குறிப்புகளையன்றி வேறு துணை அக்காலத்தில் இல்லை.

ஓல்டாம் இமயமலைச் சாரலிலும் பிற பகுதிகளிலும் ஆண்டுதோறும் கூடாரமடித்துத் தங்கிப் பணி புரிந்தார். ஆறுகளிடத்து அவர்க்குத் தனி ஈடுபாடு உண்டு. பஞ்சாபின் ஆறுகள் பண்டைக்காலத்தில் வேறு வழியாக ஓடியிருத்தல் வேண்டும் என்பதை 1886ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். இந்திய நிலவியலுக்குக் கையேடாக விளங்கிய பெருநூலின் இரண்டாம் பதிப்பை 1893ஆம் ஆண்டு புதுக்கி எழுதினார். இவ்வாறு பதினெட்டு ஆண்டுகள் சென்றன.

1897ஆம் ஆண்டு சூன் திங்கள் 12ஆம் நாள் மாலை ஐந்து மணிக்குச் சிறிது பின்னர், அஸ்ஸாம் நாட்டுச் சில்லாங் மேட்டுநிலம் குலுங்கிற்று. உலகம் கண்ட பெருநிலநடுக்கங்களுள் அஃது ஒன்று. சில்லாங் நகரில் கல்லால் கட்டிய கட்டடம் ஒன்றேனும் நிற்கவில்லை. ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். நெடுந்தொலைவிலுள்ள கல்கத்தாவிலும் வீடுகள் பழுதுற்றன. மாலை வேளையாதலின் மக்கள் பலர் வெளியில் இருந்தனர்; நள்ளிரவாயின் இறந்தோர் தொகை எவ்வளவு பெருகியிருக்கும் என்று சொல்ல இயலாது.

ஆய்வுப் பொறுப்பு ஓல்டாமிடம் வந்தது. நிலநடுக்கத்தை அக்காலத்தார் பலர் ஒரு வியப்பாகவோ தெய்வச் சினமாகவோ கண்டனர். ஓல்டாம் அதனை ஒரு வழக்கை விசாரிக்கும் நடுவர்போல் அணுகினார். வினாத்தாள்கள் அச்சிடப்பட்டு ஊர் ஊராக அனுப்பப்பட்டன. அதிர்வு எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, சுவர்கள் எப்பக்கம் சாய்ந்தன என்று அஞ்சல் நிலையத்தாரும் இருப்புப்பாதை நிலையத்தாரும் தேயிலைத் தோட்டத்தாரும் விடை எழுதினர். மழைக்காலம் நீங்கியதும் அவரே காரோ மலைக்காட்டுக்குள் புகுந்து நடந்தார். சேத்ராங் என்னும் சிற்றாற்றின் கரையில் நிலம் பிளந்து, ஒருபுறம் மறுபுறத்தைவிடப் பத்து மீட்டர் அளவு உயர்ந்து, ஆற்றின் குறுக்கே அருவிகளையும் குளங்களையும் ஆக்கியிருந்ததைக் கண்டார். தரையில் பதிந்திருந்த பாறைகள் சில, தாம் இருந்த குழியின் ஓரத்தைத் தொடாமலே மேலெழும்பி அப்பால் விழுந்து கிடந்தன. நிலம் பக்கவாட்டில் ஆடியது மட்டுமன்றி, பொருளின் எடையையும் வெல்லும் விசையோடு மேல்நோக்கி எறிந்தது என்பதற்கு அப்பாறைகளே சான்றாயின.

அத்தோடு அவர் நின்றாரல்லர். நில அளவைத் துறையார் முன்னரே அம்மலைகளின் உச்சிகளை முக்கோண முறையால் அளந்து வைத்திருந்தனர். அதே உச்சிகளை மீண்டும் அளக்க வேண்டும் என்று ஓல்டாம் விரும்பினார், அளவை நிகழ்ந்தது. பழைய எண்களும் புதிய எண்களும் ஒத்து வரவில்லை. மலைகளே இடம் பெயர்ந்திருந்தன. இவையெல்லாம் அடங்கிய அவருடைய பெருநூல் 1899ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரு நிலநடுக்கத்தை எவ்வாறு ஆராய்தல் வேண்டும் என்பதற்கு அந்நூல் நெடுங்காலம் இலக்கணமாக விளங்கிற்று.

அஸ்ஸாம் அதிர்ச்சி ஐரோப்பாவில், சிறப்பாக இத்தாலியில், நிறுவப்பட்டிருந்த பதிவுக் கருவிகளிலும் பதிந்தது. அக்கருவிகள் வரைந்த நெளிகோடுகளை ஓல்டாம் வரவழைத்துப் பார்த்தார். பிறர் கண்ணுக்குக் கிறுக்கலாய்த் தோன்றியவற்றில் அவர் ஓர் ஒழுங்கைக் கண்டார். முதலில் விரைந்து வருவது நெருக்கி நெகிழ்த்திச் செல்லும் அலை. அடுத்து வருவது குறுக்கே அசைத்துச் செல்லும் அலை. இறுதியில் மெல்ல வருவது புவியின் மேற்பரப்பையே பற்றிச் செல்லும் பேரலை. இம்மூவகையையும் பதிவேட்டில் பிரித்துக் காட்டும் அவர் கட்டுரை 1900ஆம் ஆண்டு வெளியாயிற்று. உடல்நலம் குன்றியமையால் 1903ஆம் ஆண்டு பணியினின்று விலகி இங்கிலாந்து சென்ற பின்னரும் அவ்வாராய்ச்சியை அவர் விடவில்லை. 1906ஆம் ஆண்டு, நெடுந்தொலைவு சென்று புவியின் நடுப்பகுதியை ஊடுருவி வரும் அலைகள் வரவேண்டிய நேரத்தில் வாராமல் காலந்தாழ்த்து வருதலைச் சுட்டிக்காட்டினார். ஆகவே புவியின் நடுவே, மேலுள்ள பாறையினின்றும் வேறுபட்ட தன்மையுடைய கருவம் ஒன்று இருத்தல் வேண்டும் என்று முடிவு செய்தார். எவரும் சென்று காண முடியாத ஆழத்தை, அறையில் அமர்ந்தபடி ஒருவர் கண்டுகாட்டிய செயல் இது. இக்கண்டுபிடிப்பே உலகெங்கும் அவர் பெயரை நிலைநிறுத்திற்று. 1911ஆம் ஆண்டு இலண்டன் அரசக் கழகத்தின் உறுப்பினரானார்; 1920 முதல் 1922 வரை இலண்டன் நிலவியற் கழகத்தின் தலைவராக விளங்கினார்.

முதுமையில் அவர் மனம் மீண்டும் ஆறுகளிடம் சென்றது. பிரான்சு நாட்டின் தென்பகுதியில் ரோன் ஆறு கடலொடு கலக்குமிடத்தில், கரை எவ்வாறு நூற்றாண்டுதோறும் மாறி வந்தது என்பதைப் பழைய மாலுமிகளின் வரைபடங்களைக் கொண்டு ஆராய்ந்து 1925ஆம் ஆண்டு எழுதினார். 1954ஆம் ஆண்டு வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலும் இத்தகைய கழிமுக நிலமே. ரோன் கரையில் அவர் கேட்ட வினாவை அரசலாற்றங் கரையிலும் கேட்கலாம்.

மறு ஆண்டு, அறுபத்தெட்டு வயதை எட்டும் நிலையில், அவர் ஒரு பழைய புதிரைக் கையிலெடுத்தார். அதுவே கச்சு நாட்டு நிலநடுக்கம்.

கச்சு என்பது குசராத்தின் மேற்குக் கோடியில் உள்ளது. அதன் வடக்கே ரண் எனப்படும் உப்புச் சதுப்பு, கோடையில் வெண்மையாய் வறண்டும் மழையில் நீர் நிறைந்தும் கிடப்பது. 1819ஆம் ஆண்டு சூன் திங்கள் 16ஆம் நாள் மாலை அந்நிலம் நடுங்கிற்று. பூஜ் நகரம் சிதைந்தது. தொலைவிலிருந்த அகமதாபாத்தில் பெரிய பள்ளிவாசலின் உயர்ந்த தூபிகள் இடிந்து வீழ்ந்தன. இரண்ணின் ஓரத்தில், சிந்துவின் பழைய கிளையாறு ஒன்றன் கரையில், சிந்திரி என்னும் கோட்டை இருந்தது. அதனைச் சூழ்ந்த நிலம் தாழக் கடல்நீர் உட்புகுந்தது. கோட்டையில் இருந்தோர் எஞ்சி நின்ற ஒரு கோபுரத்தின் மீதேறி உயிர் தப்பினர். பின்னர்ப் படகில் மீட்கப்பட்டனர். சிந்திரிக்கு வடக்கே முன்பு சமநிலமாய் இருந்த இடத்தில் எண்பது கிலோமீட்டர் நீளத்திற்கும் மேலாக ஒரு கரை எழுந்து நின்றது. சில இடங்களில் அதன் உயரம் ஆறு மீட்டர். மனிதர் ஆற்றின் குறுக்கே கட்டிய அணைகளை அறிந்திருந்த அந்நாட்டு மக்கள், மனிதர் கட்டாத இக்கரைக்கு அல்லா பந்து, அதாவது இறைவன் கட்டிய அணை, என்று பெயரிட்டனர். 1826ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் சிந்துவின் நீர் அவ்வணையையும் அறுத்துக்கொண்டு ஓடிற்று. இங்கிலாந்து நிலவியலறிஞர் சார்லஸ் லையல் இதனைத் தம் நூலில் விரித்துரைத்தமையால், ஒரு மூலையில் கிடந்த சிந்திரிக் கோட்டை உலகறிந்த பெயராயிற்று.

ஓல்டாம் 1898ஆம் ஆண்டிலேயே அல்லா பந்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தார். இப்போது, நேரில் கண்ட ஆங்கிலப் படைத்தலைவர்களின் குறிப்புகள், பேக்கர் என்னும் பொறியாளர் 1844இல் அக்கரையை அளந்து கண்ட ஏற்றத்தாழ்வு, பிற ஊர்களிலிருந்து கிடைத்த செய்திகள் ஆகிய அனைத்தையும் ஒருங்கு வைத்து 1926ஆம் ஆண்டு நூல் வெளியிட்டார். அந்நூலின் பிற்பகுதி மேலும் வியப்புக்குரியது. தமக்குப் புகழ் தந்த அஸ்ஸாம் ஆய்வையே அவர் அதில் மறு ஆய்வு செய்தார். முப்பது ஆண்டு முன்னர்த் தாம் கொண்ட முடிவுகளைத் தாமே திருத்த முன்வரும் மனம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. மேலே தெரியும் வெடிப்பும் மேடும் வேறு, அவற்றை விளைவிக்கும் ஆழத்து நிகழ்ச்சி வேறு என்னும் கருத்து அவர் பிற்கால எழுத்துகளில் வலுப்பெற்றது. அவ்வாழத்து நிகழ்ச்சி யாது என்பதை மட்டும் அவர் காலத்து அறிவு காட்டித் தரவில்லை. 1936ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள், வேல்சு நாட்டிலுள்ள லாண்டிரின்டாடு வெல்சு என்னும் ஊரில் ஓல்டாம் காலமானார்.

அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் கழித்தே தட்டுகளின் நகர்ச்சி ஐயமின்றி நிலைநாட்டப்பட்டது. அதன்பின் கச்சின் புதிரும் அவிழலாயிற்று.

பண்டு இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா, தென்னமெரிக்கா ஆகியன ஒன்றுபட்டு ஒரே பெருநிலமாக இருந்தன. கோண்டுவானா என்பது அதன் பெயர். பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னும் பின்னுமாக அப்பெருநிலம் பிரியத் தொடங்கிற்று. நிலம் பிரியும்போது முதலில் இழுபட்டு மெலிகிறது. பின்னர் நீண்ட பிளவுகள் தோன்றுகின்றன. இரு பிளவுகளுக்கு இடைப்பட்ட நிலம் கீழிறங்கிப் பள்ளத்தாக்காகிறது. இன்றும் கிழக்கு ஆப்பிரிக்காவில் இத்தகைய பிளவுப் பள்ளத்தாக்கைக் காணலாம். இழுப்பு ஓயாது தொடருமாயின் பள்ளம் அகன்று கடலாகும். இரு பக்கமும் இரு கண்டங்களாகும். இழுப்பு இடையிலே நின்று விடுமாயின் பள்ளம் பள்ளமாகவே நின்று, ஆறுகள் கொணரும் மண்ணால் தூர்ந்து, மேலே காண்போர்க்குச் சமவெளியாகத் தோன்றும். இவ்வாறு முற்றுப்பெறாது நின்ற பிளவுகள் கண்டங்களின் உள்ளே பலவிடங்களில் புதைந்து கிடக்கின்றன. கச்சு அத்தகைய ஒன்று.

வெடித்த சுவரின் மேல் சுண்ணச்சாந்து பூசி வெள்ளையடித்தால் வெடிப்பு மறையும். ஆயினும் அடுத்த முறை வீட்டின் அடிமனை சிறிது அசைந்தால், சுவர் புதிய இடத்தில் வெடிப்பதில்லை. பூச்சின் கீழிருந்த பழைய வெடிப்பே மீண்டும் வாய் திறக்கும். நிலத்தின் இயல்பும் அதுவே. இந்தியத் தட்டு ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவுடன் மோதி, இன்றளவும் வடக்கு நோக்கி நெருக்கிக் கொண்டிருக்கிறது. இமயம் அந்நெருக்கத்தால் எழுந்தது. நெருக்கத்தின் ஒரு பகுதி தட்டின் உட்பகுதிக்கும் பரவுகிறது. கட்டுறுதியான பழம்பாறை அதனைத் தாங்கிக்கொள்ளும். முன்னரே பிளவுண்ட இடம் தாங்காது. அன்று இழுப்பினால் கீழிறங்கிய பாறைகள், இன்று நெருக்கத்தினால் அதே பிளவின் வழியே மேலேற முயல்கின்றன. பல காலம் பற்றிக்கொண்டிருந்து ஒரு நொடியில் வழுக்கும்போது நிலம் நடுங்குகிறது. அல்லா பந்து எழுந்ததும் இம்முறையினாலேயே. தட்டின் எல்லை அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுவே, மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியில், 1811ஆம் ஆண்டு டிசம்பர் முதல் மறு ஆண்டு பிப்ரவரி வரை மூன்று பெருநிலநடுக்கங்கள் தோன்றி, நியூ மாட்ரிடு என்னும் சிற்றூரை அழித்தன. ஆற்று வண்டலின் கீழ், ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட முற்றுப்பெறாப் பிளவு ஒன்று அங்குப் புதைந்திருப்பதைப் பிற்காலத்தார் கண்டனர். நம் நாட்டில் 1997ஆம் ஆண்டு ஜபல்பூரை அதிர்வித்த நிலநடுக்கமும் நருமதைப் பள்ளத்தாக்கின் பழம்பிளவில் தோன்றியதே. உள்நாட்டு நிலநடுக்கம் யாவும் இவ்வாறு தோன்றுவனவல்ல. 1993ஆம் ஆண்டு மராட்டிய நாட்டுக் கில்லாரியை அழித்த நிலநடுக்கத்திற்கு இத்துணைத் தெளிவான காரணம் காட்ட இயலவில்லை.

கச்சு 1819க்குப் பின் உறங்கிற்று என்றே பலரும் எண்ணினர். 1956ஆம் ஆண்டு சூலையில் அஞ்சார் என்னும் நகரம் இடிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போதும் கல்லை மண்சாந்தில் அடுக்கிய வீடுகளே குறுகிய தெருக்களில் மீண்டும் எழுந்தன. 2001ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26ஆம் நாள், குடியரசு நாள் காலை ஒன்பது மணிக்குச் சிறிது முன், கச்சு மீண்டும் நடுங்கிற்று. குசராத்தில் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அஞ்சாரில் கொடியேந்தி ஊர்வலமாகச் சென்ற பள்ளிச் சிறுவர் பலர், இருபுறமும் சரிந்த சுவர்களின் கீழ்ப் புதையுண்டனர். ஓல்டாமின் நூல் அப்போது அச்சேறி எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நூல் நிலையங்களில் அது இருந்தது. தெருவை அகலமாக்குவோர் கையிலும் சுவரை எழுப்புவோர் கையிலும் இல்லை.

இனி, காரைக்காலுக்கு வருவோம். கோண்டுவானா பிரிந்தபோது காவிரிப் பகுதியும் இழுபட்டு மெலிந்தது. இந்தியாவிற்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கிய பிளவு முற்றுப்பெறாமல் நின்றது. முற்றுப்பெற்றிருப்பின் இலங்கை நெடுந்தொலைவு சென்றிருக்கும். இன்று இடையே இருப்பது ஆழமற்ற பாக்கு நீரிணையே. அப்பிளவினால் வடகிழக்கு தென்மேற்காக நீண்ட பள்ளங்களும் அவற்றிடையே முகடுகளும் உண்டாயின. கடல் உட்புகுந்தது. அரியலூரில் பிளான்போர்டு கண்ட கற்சங்குகள் அக்கடலில் வாழ்ந்தவை. பின்னர்க் கடல் பின்வாங்க, ஆறுகள் பள்ளங்களைத் தூர்த்தன. சில பள்ளங்களில் வண்டலும் பாறைப்படிவும் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் திரண்டுள்ளன. கண்ணுக்குச் சமவெளியாகத் தோன்றும் காரைக்காலின் அடியில், அங்ஙனம் புதைந்த முகடு ஒன்று உண்டு. நிலவியலார் அதனைக் காரைக்கால் மேடு என்றே வழங்குவர். மேடற்ற ஊர்க்கு அடியில் மேடு இருப்பதை எண்ணெய் தேடியவர்களே வெளிப்படுத்தினர். காவிரிப் படுகையில் எண்ணெய்க்காக முதன்முதல் ஆழ்துளை இட்டது 1964ஆம் ஆண்டில், காரைக்காலிலே.

காவிரிப் பிளவு கச்சைப் போல அமைதியற்றதன்று. இமயத்தின் நெருக்கம் இங்கு மிகத் தொலைவினின்று வருவது. பெருநிலநடுக்கம் நிகழ்ந்ததாக இங்கே வரலாறு இல்லை. எனினும் 2001ஆம் ஆண்டுச் செப்டம்பர் இரவில் அசைந்தது இப்படுகையின் கடற்பகுதியை ஒட்டிய நிலமே. வண்டலுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. கடும்பாறையின் மேல் விரைந்து கடந்து செல்லும் அதிர்வு, நீர் ஊறிய மென்மண்ணில் பெருகி ஆடும். அதிர்ச்சி மிகுமாயின் நீர் நிறைந்த மணல், கூழ்போல் நெகிழ்ந்து கட்டடத்தைத் தாங்காது விட்டுவிடும். 1897இல் பிரமபுத்திரைச் சமவெளியில் நிலம் வெடித்து மணலும் நீரும் ஊற்றாய்ப் பீறிட்டதை ஓல்டாம் தம் நூலில் விரிவாகப் பதிந்துள்ளார். கடைகாலை ஆழமாக இடுதலும், தூணையும் உத்தரத்தையும் இரும்புக் கம்பியால் பிணைத்தலும் கழிமுக நாட்டார்க்கு வீண்செலவு ஆகா.

கச்சும் புதுச்சேரிக் கடலும் அசைந்த அதே 2001ஆம் ஆண்டில், ரோஜர் பில்காம், பிலிப் இங்கிலாந்து என்னும் அறிஞர் இருவர், 1897க்கு முன்னும் பின்னும் அஸ்ஸாம் மலைகளில் எடுத்த அளவைகளைப் பழைய ஏடுகளிலிருந்து எடுத்துக் கணக்கிட்டனர். சில்லாங் மேட்டுநிலத்தின் வடவிளிம்பில், தரைக்கு மேல் தெரியாத ஒரு பெரும்பிளவு வழுக்கியதனாலேயே அந்நிலநடுக்கம் நேர்ந்தது என்று அவ்வெண்கள் காட்டின. காரோ மலைகளில் நடந்து திரிந்தும் அவர் கண்ணுக்கு அகப்படாத அப்பிளவிற்கு அவர்கள் ஓல்டாம் என்றே பெயரிட்டனர்.